மடிக்கணினியும் வெளிக்காமிராவும்

தோற்றுவாய்

நூல் எழுதும் ஆசிரியர் தம் அறிவை ஏட்டில் வைத்துச் செல்கின்றார். கைத்திறம் வல்ல ஆசிரியரோ தம் அறிவைத் தம் விரல்களில் வைத்திருக்கின்றார். அவர் செல்லுங்கால் அதுவும் உடன் செல்கின்றது. அத்திறத்தை எழுத்தினால் முற்றும் உணர்த்துதல் அரிது. அவர் செய்யுங்கால் அருகிருந்து காண்பதே அதனைக் கற்கும் வழியாம். அங்ஙனம் காணும் பேற்றைப் பின்வரும் மாணவர்க்கும் அளிக்க வல்லது அசையும் படம். முற்காலத்தில் அதற்குப் பெரும் பொருட்செலவும் பயின்ற ஆட்களும் வேண்டியிருந்தன. இந்நாளில் ஒரு மடிக்கணினியும் அதனோடு இணைத்தற்குரிய ஒரு சிறு காமிராவும் போதியனவாகும்.

ஆயினும் கருவியைப் பெற்றிருத்தல் வேறு, அதனை அறிந்து ஆளுதல் வேறு. இவ்வுண்மையை யாம் ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்து கற்றோம். அவ்வரலாற்றை முன்னர்ச் சுருங்கக் கூறி, அதன்பின் வெளிக்காமிராவைக் கொண்டு மடிக்கணினியிற் படம் பதியும் முறையை விளக்கப் புகுகின்றோம்.

எமக்கு நேர்ந்தது

தாவரவியற் பகுதியில் நெடுங்காலம் பணிபுரிந்த பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறுதற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. சூரியகாந்தித் தண்டின் துண்டொன்றை இடக்கை விரல்களிடையே பிடித்து, நீரில் நனைத்த சவரக்கத்தியால் அவர் குறுக்குவெட்டு எடுக்கும் அழகை அவரிடம் பயின்றோர் எவரும் மறவார். கத்தியை அவர் அழுத்துவதில்லை. சாய்வாகத் தம்மை நோக்கி இழுப்பார். காகிதத்தினும் மெல்லிய தகடுகள் கண்ணாடிக் கிண்ணத்து நீரில் ஒன்றன்பின் ஒன்றாய் மிதக்கும். எம்முள் ஒருவர்க்கேனும் அக்கை வாய்த்திலது. ஆதலின் அதனைப் பதிந்துவைக்க எண்ணி, ஒருநாள் அவரை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தோம்.

காமிராவை மேசைக்கு மேலே கட்டினோம். படம் தெளிவாகத் தெரிந்தது. பேராசிரியர் 35 நிமிடம் செய்துகாட்டினார். முடிவுறுந் தறுவாயில் மின்சாரம் நின்றது. பழைய மின்கலத்தையுடைய எம் மடிக்கணினியும் உடன் அணைந்தது. மீண்டும் இயக்கியபோது பதிவுக்கோப்பு பெரிதாகவே கிடந்தது. ஆயினும் எவ்வாற்றானும் திறவாதாயிற்று. தொடக்கத்தில் சோதனைக்கென அரை நிமிடம் பதிந்த துண்டொன்றே திறந்தது. அதனை முன்னர்ப் படம் தெரிகின்றதா என்று மட்டும் நோக்கினோமேயன்றி, ஒலியைக் கேட்டிலோம். இப்போது கேட்டபோது மின்விசிறியின் இரைச்சலே கேட்டது. பேராசிரியரின் குரல் கிணற்றுள் இருந்து வருவதுபோல் இருந்தது. கோப்பு பிழைத்திருப்பினும் அவர் கூறிய சொற்கள் பிழைத்திரா என்பது தெளிவாயிற்று.

யாம் நாணித் தலைகுனிந்து நின்றோம். அவர் சினந்திலர். “கத்தியும் மழுங்கவில்லை, என் கையும் மழுங்கவில்லை. நாளை மறுநாள் வருகின்றேன். அதற்குள் உங்கள் கருவியைப் படித்து வையுங்கள்” என்று கூறிச் சென்றார். அவ்விரு நாட்களில் யாம் படித்தவையே இக்கட்டுரையாகும்.

வெளிக்காமிரா எதற்கு?

மடிக்கணினியின் மூடியிலேயே ஒரு காமிரா பதிக்கப்பட்டிருக்க, மற்றொன்று எதற்கு என்று சிலர் வினவலாம். இதற்கு விடை இரண்டு. முதலாவது, உட்காமிரா கணினியின் முன் இருப்பவரது முகத்தையே நோக்குமாறு அமைந்தது. மேசைமேலுள்ள கைகளைக் காட்ட மூடியை முன்புறம் சாய்த்தால் திரையை நாம் காணமாட்டோம். வெளிக்காமிராவோ கம்பி எட்டுந் தூரம்வரை எவ்விடத்தும் நிற்கும்; மேலிருந்து கீழும் நோக்கும். இரண்டாவது, மூடி மிக மெல்லியது. அதனுள் அடங்கும் வில்லையும் ஒளியுணர் தகடும் மிகச் சிறியனவாகவே இருத்தல் வேண்டும். சிறிய தகடு சிறிதளவு ஒளியையே பெறும். ஒளி குறையுமிடத்துப் படம் புள்ளிபுள்ளியாய்க் கலங்கும். வெளிக்காமிராவிற்கு இத்தடை அத்துணை இல்லை.

கணினியோடு காமிராவை இணைக்கும் எண்ணம் புதியதன்று. 1991-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணினிக் கூடத்தார், காப்பிப் பாத்திரத்தில் காப்பி உள்ளதா என்பதைத் தம் இருக்கையிலிருந்தே அறிதற்பொருட்டு அதற்கெதிரே ஒரு காமிராவை நிறுத்தினர். அஃது அளித்த படம் குறுக்கே 128, நெடுக்கே 128 புள்ளிகளே உடையது, வண்ணமற்றது. 1993-இல் அப்படம் இணையத்தின் வழியே உலகினர் எல்லாரும் காணக் கிடைத்தது. 2001-இல் அக்காமிரா நிறுத்தப்பட்டது. 1994-இல் கனெக்டிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் குவிக்காம் என்னும் காமிராவை மாக்கின்டாஷ் கணினிக்கென விற்பனைக்குக் கொணர்ந்தனர். சாம்பல் நிறத்தின் 16 சாயல்களை மட்டுமே அது காட்டியது. அத்தகைய எளிய தொடக்கத்தினின்றே இன்றைய கருவிகள் வளர்ந்தன.

இன்று வெளிக்காமிராவாக ஆகத்தக்கவை மூன்று. யூ.எஸ்.பி. கம்பியால் இணையும் வெப்காமிரா ஒன்று. மென்பொருளின் துணையால் காமிராவாய் இயங்கும் கைப்பேசி ஒன்று. நிழற்படம் எடுக்கும் பெரிய காமிராவை எச்.டி.எம்.ஐ. கம்பியால் ஓர் இடைக்கருவிக்குக் கொணர்ந்து, அதனைக் கணினியோடு பொருத்துவது ஒன்று. இவற்றுள் முதலாவதே மாணவர்க்கு எளியதும் மலிவானதும் ஆதலின் அதனையே சிறப்பாக ஈண்டு ஆராய்வாம்.

கம்பிவழிச் செல்லும் படம்

2003-இல் யூ.எஸ்.பி. காமிராக்களுக்கெனப் பொதுவிதி ஒன்று வகுக்கப்பட்டது. அவ்விதிக்கு அமைந்த காமிராவை எக்கணினியிற் செருகினும் கணினி அதனைத் தானே அறிந்துகொள்ளும். தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுவதில்லை. ஆயினும் கணினி அறிந்துகொள்ளுதலும் படம் நன்கு வருதலும் ஒன்றல்ல. அதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவாம்.

முழுத்தெளிவுப் படம் எனப்படுவது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உடையது. பெருக்கின் 20,73,600 புள்ளிகளாம். ஒரு புள்ளிக்கு 2 பைட்டு எனக் கொண்டு, நொடிக்கு 30 படம் வீதம் அனுப்பின், நொடிதோறும் 12,44,16,000 பைட்டு, அஃதாவது ஏறக்குறைய 99 கோடியே 53 லட்சம் பிட்டு கம்பிவழிச் செல்லல் வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின் மேல்வரம்போ நொடிக்கு 48 கோடி பிட்டு மாத்திரமே. நாழிப் பானையில் இருநாழி புகுமோ? புகாது. ஆகவே காமிரா தன்னுள்ளேயே ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்புகின்றது. இச்சுருக்க முறைக்கு எம்.ஜே.பி.ஈ.ஜி. என்பது பெயர்.

மென்பொருளிற் ‘சுருக்கப்படாத’ வகையைத் தெரிந்தெடுத்தோமாயின், பெரும்பாலான காமிராக்கள் முழுத்தெளிவில் நொடிக்குச் சில படங்களே அனுப்பும். கையசைவு விட்டுவிட்டுத் தோன்றும். எமது முதற் சோதனையில் கத்தி இடத்திற்கு இடம் தாவுவதுபோற் காணப்பட்டதன் காரணம் இதுவேயாம். எம்.ஜே.பி.ஈ.ஜி. வகையைத் தெரிந்தவுடன் அசைவு ஒழுங்காயிற்று. 2008-இல் வந்த யூ.எஸ்.பி. மூன்றாம் பதிப்பு நொடிக்கு 500 கோடி பிட்டுவரை செல்ல இடந்தருவது. எனினும் காமிராவும் செருகுவாயும் கம்பியும் ஆகிய மூன்றும் அப்பதிப்பினவாய் இருந்தாலன்றி அதனாற் பயனில்லை.

மேலும் இரண்டு செய்திகள் உள. காமிராவைப் பல கருவிகள் பங்கிட்டுக்கொள்ளும் பெட்டியிற் செருகாது, மடிக்கணினியின் வாயிலேயே நேரே செருகுதல் நன்று. யூ.எஸ்.பி. இரண்டாம் பதிப்புக் கம்பியின் நீளம் 5 மீட்டருக்கு மேற்படலாகாது.

ஒளி

காமிரா எத்துணை உயர்ந்ததாயினும் ஒளியின்றி அதனாற் செய்யத்தக்கது யாதுமில்லை. ஒளி குறைந்தவிடத்துக் காமிரா ஒவ்வொரு படத்திற்கும் மிகுதியான நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் நொடிக்கு 30 ஆக வரவேண்டிய படங்கள் 15 ஆகக் குறைதலும் உண்டு. அசையும் கை அப்போது புகைபோல் மங்கும். சாளரத்தின் பக்கத்தில் மேசையை இடுதலும், கைகளுக்கு இருபுறமும் ஒவ்வொரு விளக்கு வைத்தலும் இதற்கு மருந்து. சாளரம் காமிராவிற்கு எதிரே இருத்தல் ஆகாது. இருப்பின் ஆள் நிழலாய்த் தோன்றுவர்.

நம் தேசத்து மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஒரு சுழற்சிக்கு இருமுறையாகப் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மங்குகின்றன. நம் கண் இதனை அறியாது, காமிரா அறியும். அமெரிக்க தேசத்தில் 60 சுழற்சி வழங்குவதால் சில காமிராக்கள் 60-க்கே அமைந்து வருகின்றன. அத்தகைய காமிராவில் கருநிற வரிகள் படத்தின்மீது மெல்ல ஊர்ந்து செல்வதைக் காணலாம். காமிராவின் அமைப்புப் பக்கத்தில் மின்சுழற்சியை 50 என மாற்றிய அளவிலே அவ்வரிகள் நீங்கும்.

குவியத்தைப் பற்றியும் ஒரு சொல். தானே குவியும் காமிரா, அசையும் கையை ஒருகால் நோக்கும், மேசையை ஒருகால் நோக்கும். இவ்வாறு தடுமாறுங்கால் படம் தெளிவதும் மங்குவதுமாய் இருக்கும். கத்தி இயங்கும் உயரத்தில் ஓர் அச்சிட்ட தாளைப் பிடித்து, எழுத்துகள் தெளிவாய்த் தெரியுமாறு குவியத்தை நிறுத்தி, தானியக்கத்தை விலக்கிவிடல் வேண்டும். வெளிச்ச அளவையும் வெண்மைச் சமனையும் இவ்வாறே நிலைநிறுத்தலாம்.

ஒலி

காண்போர் படத்தின் குறையைப் பொறுப்பர்; ஒலியின் குறையைப் பொறார். குரல் விளங்காவிடின் பாடம் விளங்காது. எமது முதற்பதிவில் படம் வெளிக்காமிராவினின்று வந்தது. ஒலியோ மடிக்கணினியின் உள் ஒலிவாங்கியினின்று வந்தது. வெளிக்காமிராவைத் தெரிந்தெடுத்தமையால் ஒலியும் அதனின்றே வரும் என்று யாம் கருதினோம். அஃது அங்ஙனமன்று. படத்திற்கு ஒரு கருவியையும் ஒலிக்கு ஒரு கருவியையும் தனித்தனியே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

ஒலியின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும் என்பது பௌதிக மாணவர் அறிந்ததே. வாயினின்று 15 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள ஒலிவாங்கி பெறும் குரலில் நூற்றில் ஒரு பங்கையே 150 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளது பெறும். மின்விசிறியின் இரைச்சலோ இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சட்டையிற் பொருத்தும் சிறு ஒலிவாங்கி, விலை குறைந்ததாயினும், தொலைவில் உள்ள உயர்ந்த ஒலிவாங்கியினும் சிறந்ததாகும். மின்விசிறியை நிறுத்திவிடுதல் இன்னும் சிறந்தது. வெப்பம் மிகுந்த நாளிற் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஓய்வு கொள்ளலாம்.

படமும் ஒலியும் வெவ்வேறு கருவிகளினின்று வருமாயின், ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் சேர்தல் உண்டு. இதனை அறியும் வழி எளிது. பதிவின் தொடக்கத்தில் காமிராவின் முன் ஒருமுறை கைதட்டுக. பின்னர், கைகள் ஒன்றுபடும் படமும் தட்டிய ஓசையும் எத்துணை விலகியுள்ளன என்று நோக்கி, அவ்வளவு நேரத்தை மென்பொருளில் ஈடுசெய்க.

பதிவும் கோப்பும்

விண்டோஸ் கணினியிற் காமிரா என்னும் மென்பொருளும், மாக் கணினியிற் குவிக்டைம் பிளேயரும், லினக்ஸ் கணினியிற் சீஸ் முதலியனவும் எளிய பதிவிற்குப் போதியன. ஒலியையும் படத்தையும் நுட்பமாய் ஆள விரும்புவோர்க்கு 2012-இல் தோன்றிய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ மூவகைக் கணினிகளிலும் விலையின்றிக் கிடைக்கின்றது. எதனைக் கையாளினும், கணினியின் அந்தரங்க அமைப்பில் அம்மென்பொருளுக்குக் காமிராவையும் ஒலிவாங்கியையும் ஆளும் அனுமதி அளித்திருத்தல் வேண்டும். வேறொரு மென்பொருள் காமிராவை முன்னரே பற்றியிருப்பின் திரை கருமையாய் நிற்கும். முன்னதை மூடினால் பின்னது காணும்.

இனி, எமது கோப்பு ஏன் திறவாதாயிற்று என்பதைக் கூறுவாம். எம்.பி.4 வகைக் கோப்பில், எப்படம் எவ்விடத்துள்ளது என்னும் அட்டவணை, பதிவு முடியும்போது இறுதியில் எழுதப்படுவது வழக்கம். முடியுமுன் கணினி அணைந்தால் அட்டவணை எழுதப்படாது. பொருளடக்கமும் பக்க எண்ணும் இன்றித் தாள்கள் மட்டும் குவிந்து கிடக்கும் நூலை அது ஒக்கும். செய்தி உள்ளது, படிப்பாரில்லை. எம்.கே.வி. வகைக் கோப்போ இடையில் அறுபட்டாலும் அதுவரை பதிந்ததைப் பெரும்பாலும் காக்கும். ஆதலின் எம்.கே.வி. வகையிற் பதிந்து, முடிந்தபின் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளுதல் அறிவுடைமை. ஓ.பி.எஸ். இதனைப் படத்தின் தரம் சிறிதுங் குன்றாமற் செய்துதரும்.

இடத்தையும் முன்னரே கணக்கிடல் வேண்டும். நொடிக்கு 80 லட்சம் பிட்டு வீதம் பதிந்தால் நொடிக்கு 10 லட்சம் பைட்டு ஆகும். ஒரு மணி நேரத்திற்கு 360 கோடி பைட்டு, அஃதாவது 3.6 ஜிகாபைட்டு. எஃப்.ஏ.டி.32 என்னும் பழைய முறையில் அமைந்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை மிஞ்ச இயலாது. நெடிய பதிவு அதில் ஏறாது.

செய்முறை ஒழுங்கு

மேற்கூறியவற்றை மாணவர் எளிதில் நினைவிற்கொள்ளுமாறு ஒழுங்குபடுத்தித் தருகின்றோம்.

1. பதியப்படுபவரின் இசைவைக் கேட்க; அப்பதிவை எவர் காண்பர் என்பதையும் அவர்க்கு முன்னரே உரைக்க.

2. காமிராவை அசையாது நிறுத்துக. மேலிருந்து நோக்குவதற்கு ரசாயனக் கூடத்துத் தாங்கியும் அதன் பிடியும் மிகப் பொருந்தும். அடியிற் கனமான பொருள் வைத்துச் சாயாமற் காக்க. படம் தலைகீழாய்த் தெரிந்தால் மென்பொருளிற் சுழற்றிக்கொள்க. செய்பவர் தம் கைகளைக் காணுமாறே கற்பவரும் காணல் நன்று.

3. படத்திற்கு வெளிக்காமிராவையும் ஒலிக்கு அருகுள்ள ஒலிவாங்கியையும் பெயர் கண்டு தெரிந்தெடுக்க. வில்லையைக் கையால் மறைத்தும், ஒலிவாங்கியை விரலால் மெல்லத் தட்டியும் அவைதாமோ என்று உறுதிசெய்க.

4. ஒளியையும் குவியத்தையும் நிலைநிறுத்துக.

5. கணினியை மின்னிணைப்பில் வைக்க. மின்கலம் நிறைந்துள்ளதா, தானே உறங்கும் அமைப்பு விலக்கப்பட்டதா, இடம் போதுமா என நோக்குக.

6. அதே இடத்தில், அதே விளக்கில், செய்பவர் இருக்கும் அதே இருக்கையில் ஒருவரை இருத்தி இரண்டு நிமிடம் பேசியும் செய்தும் பதிக. பதிந்த கோப்பைத் திறந்து முற்றும் காண்க. செவியில் ஒலிக்கருவி பொருத்தி முற்றும் கேட்க.

7. பதிவு முடிந்தவுடன், மேசையைக் கலைக்குமுன், கோப்பைத் திறந்து முதலும் நடுவும் இறுதியும் பார்க்க. மற்றோரிடத்தில் ஒரு படியெடுத்து வைக்க.

இவற்றுள் ஆறாவதே தலையாயது. யாம் அன்று இழந்த இரண்டனுள், குரலை இழந்தது அதனைச் செய்யாமையாலேயே. வல்லுநர் ஒருவரின் நேரத்தைக் கேட்கும் முன்னர் நம் நேரத்தைச் செலவிடல் வேண்டும். அதுவே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

முடிவுரை

பேராசிரியர் தாம் கூறியபடியே மூன்றாம் நாள் வந்தார். மின்விசிறி நின்றிருந்தது, வேறொரு மடிக்கணினி நிறைந்த மின்கலத்தோடு காத்திருந்தது. அவர் மேலாடையிற் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தினோம். 40 நிமிடம் செய்துகாட்டினார். இடையில் ஒரு தகடு தடித்துவிட, அதனைத் தூரிகையால் ஒதுக்கி, “இது என் அவசரம்” என்று மெல்லக் கூறினார். அச்சொல்லும் தெளிவாய்ப் பதிவாயிற்று.

பின்னர் அவரையே அருகில் இருத்திப் பதிவைக் காட்டினோம். சிறிது நேரம் வாளா பார்த்திருந்தவர், ஓரிடத்தில் நிறுத்துமாறு சைகை செய்தார். கத்தியை இழுக்குமுன் ஒவ்வொரு முறையும் இடக்கைப் பெருவிரல் ஒரு நூலளவு கீழே இறங்குவது படத்திற் காணப்பட்டது. “நான் இப்படியா செய்கின்றேன்?” என்று வினவினார். தண்டின் முனை விரலுக்கு மேல் சற்றே நிமிர்ந்து கத்திக்கு எதிர்நிற்பது அவ்வசைவினாலேயாம். அத்துணை ஆண்டுகளாக அவர் அதனை எவர்க்கும் சொல்லிக்கொடுத்திலர். தாம் அதனைச் செய்வதையே அவர் அறிந்திலர்.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அப்பதிவைக் கண்டு பயின்ற மாணவியர் சிலர், பெருவிரலை இறக்கி, மெல்லிய தகடு எடுக்கின்றனர். நண்பர்காள்! உங்கள் இல்லங்களிலும் ஊர்களிலும் இத்தகைய கைகள் எத்தனையோ உள. தறி நெய்வோர், மண் வனைவோர், மாவு பதம் பார்ப்போர் ஆகிய இவர்கள் தம் திறத்தைச் சொல்லத் தெரியாதவர், செய்யத் தெரிந்தவர். அவர்கள் பக்கத்தில் ஒரு காமிராவை நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துமுன் அதனைப் படித்து வையுங்கள்.